நோயல் ட்ரூயினும் ஒரு கொக்கியும்

பழைய புகைப்படத்தில் சிரித்துக்கொண்டு நிற்கும் படைவீரர்களின் முகங்களை நோயல் ட்ரூயின் முதலில் பிஸ்கட்டுகளால் மூடுகிறார். முகத்துக்கு ஒன்று. அப்புறம்தான் நெற்றியில் கிடக்கும் கண்ணாடியை இறக்கிவிட்டு, அவர்களுக்குப் பின்னால் நிற்கும் வண்டியைப் பார்க்கிறார்.

“மூஞ்சியப் பாத்தா மனசு அங்க போயிடும் தம்பி. எந்த ஊர்க்காரன், திரும்பி வந்தானா, கல்யாணம் கட்டுனானான்னு. நமக்கு வேண்டியது ஆணி.”

ஆணி என்று அவர் சொல்வது தகடுகளைச் சேர்த்து அடிக்கும் ரிவெட்டை. படத்தில் நிற்பது கேரியர், கூரையில்லாமல் சங்கிலிப் பட்டையில் ஓடும் சின்னக் கவச வண்டி. இங்கிலாந்தில் செய்ததென்றால் பக்கத் தகடுகளில் ரிவெட் வரிசை துருத்திக்கொண்டிருக்கும். ஆஸ்திரேலியாவில் செய்தது பற்றவைத்தது, தகடு வழவழவென்றிருக்கும். ஏதோ ஒரு பழைய கணினி விளையாட்டில் ஆஸ்திரேலியப் படைக்கு ரிவெட் வண்டியைக் கொடுத்து, அதன்மேல் ஒரு கங்காருவை வரைந்துவிட்டிருந்தார்கள். நோயல் கடிதம் எழுதினார். பதில் இல்லை. மறுபடி எழுதினார். “கங்காரு வரைஞ்சா நம்ம வண்டி ஆயிடுமா? என் நெத்தியில வரைஞ்சா நான் குதிப்பேனா?” என்று இன்றைக்கும் கேட்கிறார், யாரிடம் என்றில்லாமல்.

காலையிலும் மாலையிலும் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். நடுவில் கிடைக்கும் பொழுதெல்லாம் டாட்டுரா என்ற ஆஸ்திரேலியச் சிற்றூரில், பொருட்காட்சி மைதானத்துக்குப் பின்னால், பழைய போர் வண்டிகளைச் செப்பனிடும் தகரக் கொட்டகையில். தோட்டத்து மண் வெள்ளையாக உறைந்து கிடக்கும் குளிரிலும் அரைக்கால் சட்டைதான். கேட்டால், “முட்டிக்கு என்னடா தெரியும் குளிரு?” பேருந்துச் சாவி கழுத்தில் கயிற்றில் தொங்கும். குனிந்து பார்க்கும்போதெல்லாம் அது வண்டித் தகட்டில் ‘டிங்’ என்று அடிக்கும். அவர் எந்த வண்டிக்கு அடியில் இருக்கிறார் என்று கண்டுபிடிக்க அந்தச் சத்தம் போதும்.

நான் ஒரு விளையாட்டு நிறுவனத்துக்காகப் பழைய போர் வண்டிகளையும் ஆயுதங்களையும் கணினியில் வரைபவன். ஊரை விட்டு வந்தவனுக்கு இருக்கும் பயம் எனக்குக் கொஞ்சம் கூடுதல். அனுப்பிய அஞ்சலைத் திறந்து திரும்பப் படிப்பேன். அளந்த தகட்டை மறுபடி அளப்பேன். நோயல் அதைக் கேலி செய்தாலும் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வார். எங்கள் ஓவியர் ஒருவர் ஓவன் என்ற ஆஸ்திரேலியத் துப்பாக்கியின் தோட்டாப் பெட்டியை அடியில் தொங்கவிட்டு வரைந்திருந்தபோது, என் மடிக்கணினியையே தலைகீழாகத் திருப்பி வைத்து, “இப்ப சரி. மேல நட்டுக்கிட்டு நிக்கணும், சேவல் கொண்டை மாதிரி” என்றார். நன்றி சொன்னால் பிடிக்காது. “அத நீயே வச்சுக்க, பின்னால ஒதவும்.” ஆனால் நான் போகும் புதன்கிழமைகளில் எனக்கென்று ஒரு கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பார். இந்த நாட்டில் எனக்காகக் கழுவி வைக்கப்பட்ட முதல் கோப்பை அது. இதை அவரிடம் சொன்னதில்லை.

அந்தக் கொட்டகைக்கு ஒரு சட்டம் உண்டு. வண்டியையோ உறுப்பையோ தப்பாக அடையாளம் சொன்னவர் அன்றைக்கு எல்லோருக்கும் தேநீர் போட வேண்டும். வாதாட்டம் கிடையாது, எழுந்துபோய்க் கெட்டிலைத் தட்ட வேண்டியதுதான். நான் நிறையப் போட்டிருக்கிறேன். வெல்டர் கிரேயம் போட்டிருக்கிறார். நோயல் போட்டு யாரும் பார்த்ததில்லை. அதில் அவருக்கு இருக்கும் பெருமையை அவர் ஒளிப்பதும் இல்லை.

போன இலையுதிர் காலத்தில், கொட்டகையில் நிற்கும் கேரியரை அங்குலம் அங்குலமாகப் பார்த்து நான் வரைந்து முடித்தேன். எங்கள் விளையாட்டில் வரப்போகும் முதல் ஆஸ்திரேலிய வண்டி. அன்று மாலை அனுப்பிவிட்டால் அப்புறம் மாற்ற முடியாது. விளையாட்டின் முடிவில், ஆலோசகராக, நோயலின் பெயர் வரும். பேருந்துப் பிள்ளைகள் அத்தனை பேரிடமும் அவர் சொல்லி வைத்திருந்தார். அவரோடு இணையத்தில் மல்லுக்கு நிற்கும் கூட்டம் ஒன்றும் காத்திருந்தது. ஓர் உறுப்பு பிசகினால் போதும், இனி எந்த நிறுவனமும் அவர் பேச்சைக் காதில் வாங்காது.

அந்த நேரத்தில் கானி டஸோனி ஒரு பெட்டி பேரிக்காயோடு உள்ளே வந்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர், கேரியரைக் கொட்டகைக்குக் கொடுத்ததே அவர் குடும்பம்தான். திரையில் சுழன்றுகொண்டிருந்த வண்டியைப் பார்த்துப் பெட்டியைத் தொப்பென்று வைத்தார்.

“ஐயோ, எங்கப்பா கொக்கி!”

வண்டியின் இடப்பக்கத்தில் ஒரு வளைந்த இரும்புக் கொக்கி உண்டு. தண்ணீர் டின் மாட்டப் பட்டாளம் வைத்தது என்று நோயல் சொல்லியிருந்தார். அப்படியே வரைந்திருந்தேன்.

“பட்டாளத்துக் கொக்கி அது” என்றார் நோயல்.

“யோவ், போர் முடிஞ்சு வித்தப்ப அப்பா வாங்கின வண்டி இது. பேரி மரத்துக்கு நடுவுல ஓட்டி மருந்தடிச்சோம். குழாயச் சுருட்டி மாட்ட அவரு வளைச்ச கொக்கிய்யா.”

“மூருப்னா ஊரு கொட்டகையில நிக்கிற வண்டியிலயும் இதே கொக்கி இருக்கு கானி. ரெண்டு வண்டியில ஒண்ணுபோல இருந்தா அது பட்டாளத்து வேலைதான்.”

“அது எங்க மாமா வண்டி! அவருக்கும் அப்பாதான் செஞ்சு குடுத்தாரு. கேட்டவங்களுக்கெல்லாம் செஞ்சாரு, சும்மா இருக்கத் தெரியாத மனுஷன்.”

நான் திரையில் கொக்கியைப் பெரிதாக்கினேன். கிரேயம் அரத்தைக் கீழே வைத்துவிட்டார்.

“சுரண்டிப் பாரேன்” என்றார் கானி. “நீதான எல்லாரையும் சுரண்டச் சொல்லுவ.”

அது நோயலின் சொந்தப் பாடம். பட்டாளத்து இரும்பு என்றால், மேல் பூச்சுக்கு அடியில் அந்தக் காலத்துப் பச்சை இருந்தே தீரும். வண்டியின் மற்ற எல்லா இடத்தையும் சுரண்டிப் பார்த்தவர், இரண்டு வண்டியில் பார்த்த தெம்பில் கொக்கியை மட்டும் விட்டிருந்தார். பேனாக்கத்தியை எடுத்தார். குனிந்தார். ‘டிங்.’ அவர் பூசிய பச்சை உரிந்தது. அடியில் பழைய பச்சை இல்லை. வெறும் இரும்பு, அதன் துளைகளில் நீலம். மரத்துக்கு அடிக்கும் மயில்துத்த மருந்தின் நீலம்.

நோயல் கத்தியை மடக்கினார். யாரையும் பார்க்கவில்லை. நேராகக் கெட்டிலிடம் போனார்.

“கானி, ஒனக்குச் சக்கர எத்தன?”

கிரேயம் போட்ட கூச்சலில் கூரைப் புறாக்கள் பறந்தன. “எனக்கு நாலு! கலக்கிக் குடு, ராசா!”

“ஒனக்கு வாய்க்குள்ளயே கொட்டறேன், இரு” என்றார் நோயல். காதுமடல் சிவந்திருந்தது. பிறகு என்னிடம், “தம்பி, கொக்கிய எடுத்துடு.”

“ஏன்யா எடுக்கணும்?” கானியின் குரல் இறங்கிவிட்டது. “யாருக்குத் தெரியப்போவுது? அப்பா செஞ்சது ஒலகம் பூரா சுத்தட்டுமே.”

“எனக்குத் தெரியுமே கானி. வெளையாட்டுல ஓடுறது பட்டாளத்து வண்டி.”

நான் எடுத்தேன். தகடு வழவழவென்று ஆனது. மறுபடி மறுபடி பார்த்துவிட்டு அனுப்பினேன். அந்தச் சின்னத் தகட்டைப் பிழையிலிருந்து காப்பாற்றிய கானிக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டேன். நோயலின் தேநீர் சாயம் இறங்காமல், பால் கூடி, வாயில் வைக்க முடியாதபடி இருந்தது. எல்லோரும் கடைசிச் சொட்டுவரை குடித்தோம்.

அப்புறம் அவர் சுவரிலிருந்து ஸ்பானரை எடுத்தார். பட்டாள வண்டியை அது ஆலையிலிருந்து வந்தபடி ஆக்குவதுதான் கொட்டகையின் வேலை. கானிக்கும் அது தெரியும். கோப்பையைக் கீழே வைத்து, சிரிக்கப் பார்த்து, “கழட்டுனா எங்கிட்டயே குடுத்துடு. சமையக்கட்டுல கரண்டி மாட்டிக்கறேன்” என்றார்.

நோயல் வண்டியின் இடப்பக்கம் போனார். குனிந்து, கொக்கியின் நட்டில் ஸ்பானரைப் பொருத்தினார். அது கொஞ்சம் தளர்ந்துதான் இருந்தது. வலப்பக்கமாக, மூச்சுப் பிடித்து, இறுக்கினார். பிறகு கொக்கியைக் கையால் பற்றி ஒருமுறை இழுத்துப் பார்த்தார், பாரம் தாங்குமா என்று பார்ப்பதுபோல.