நேர்த்திப் படகுக்கு ஓர் எஞ்சின்

அக்கா கேட்டது ஒரு சின்னப் படகு. முழங்கை நீளத்தில், அத்தானின் படகைப் போலவே நீலம் அடித்து, மாதா கோயிலுக்கு நேர்த்திக்கடனாகக் கொடுக்க. எங்கள் கரையில் இது புதிதில்லை. கடலில் தப்பி வந்தவர்கள் வெள்ளியிலோ மரத்திலோ படகு செய்து கோயிலில் வைப்பார்கள். கேட்டது கிடைத்த பிறகுதான் கொடுக்க வேண்டும், அதுதான் முறை. அக்காவின் நேர்த்தி கொஞ்சம் வேறு மாதிரி. அத்தான் கடலில் காணாமல் போய் அப்போது ஒன்றரை வருஷம். அவர் திரும்பி வரவேண்டும் என்று கேட்பதை அவள் விட்டிருந்தாள். அவருக்கு என்ன நடந்தது என்று தெரிந்தால் போதும், தெரிந்த அன்றே ஓடுகிற படகொன்று கொண்டுவந்து தருகிறேன் என்று மாதாவிடம் சொல்லியிருந்தாள்.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அந்தச் சின்னப் படகுக்கு எஞ்சின் பூட்டித் தருகிறேன் என்று அவளிடம் தலையாட்டிய அன்றும் தெரியும்.

நான் புத்தளம் பக்கம் மாம்புரியில் படகு எஞ்சின் திருத்துகிறவன். சண்டை முடிந்து, நேவிக்குப் பாஸ் காட்டாமல் கடலுக்குப் போகலாம் என்றான காலம் அது. சண்டைக்காலம் முழுக்கச் சோதனையும் பயமுமாகப் போய்த் திரும்பி வந்த மனிதர், எல்லாம் முடிந்த பிறகு போய் வரவில்லை. கடைசியாக அவருடைய எஞ்சினைக் கழற்றிப் பூட்டியவன் நான். எஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீர்ப் பம்பில், சுற்றித் தண்ணீரைத் தள்ளுகிற ஒரு சின்ன றப்பர் சில்லு உண்டு. அதில் இரண்டு இதழ் கிழிந்திருந்தது. புதியது புத்தளத்துக் கடையில் முடிந்துபோயிருந்தது. பழையதையே திருப்பிப் போட்டேன். இன்னும் ஒரு கிழமை, ஏழு நாளாவது ஓடும் என்று என் கணக்கு. அத்தான் வந்து கேட்டபோது எஞ்சினில் ஒரு பிழையும் இல்லை என்றேன். மறுநாள் அவரோடு கூடப் போகிறவருக்குக் காய்ச்சல். அத்தான் தனியாகப் போனார். வாடைக்காற்று கரையிலிருந்து வெளியே தள்ளுகிற மாதம்.

ஐந்தாம் நாள் சிலாபத்துப் பெரிய படகொன்று அவருடைய படகை வெறுமையாகக் கண்டு இழுத்து வந்தது. எஞ்சினைத் திறந்து பார்க்கச் சொல்லி என்னிடம்தான் கொண்டுவந்தார்கள். வேறு யாரிடம் கொண்டுபோவார்கள்? திறந்தேன். றப்பர் உருகி ஒட்டியிருந்தது, எஞ்சின் சூட்டில் இறுகிப் போயிருந்தது. மூடினேன். உப்புத் தண்ணீர் புகுந்திருக்கிறது, ஒன்றும் சொல்ல ஏலாது என்று எல்லோருக்கும் சொன்னேன். முதல் பொய்யை அவசரத்தில் சொன்னேன். இரண்டாவதை யோசித்துத்தான் சொன்னேன்.

நேர்த்திப் படகுக்குப் பற்றரி மோட்டர் வைத்துத் தரலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. விளையாட்டுச் சாமானை மாதாவிடம் கொண்டுபோக மாட்டேன், நெருப்பில் ஓடுகிறது வேண்டும் என்றாள். கொழும்பில் நான் உதிரிப்பாகம் தேடும் பழைய சாமான் கடையில் ஒரு பித்தளை நீராவி எஞ்சின் கிடந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. தண்ணீர் கொதிக்கிற பொயிலர் இல்லை. அதை நானே செப்புக் குழாயில் வெட்டிச் செய்தேன். இரண்டு பக்கமும் மூடி வைத்து, புத்தளத்து நகைப் பத்தர் ஒருவரிடம் கொடுத்து வெள்ளிப் பற்று வைத்து எடுத்தேன். கீழே வைக்க ஒரு ஸ்பிரிட் விளக்கு.

படகின் உடலைப் பைபர் கிளாஸில் வார்த்தேன். அதில் பொயிலரைப் பூட்டியபோதுதான் என் மண்டை எவ்வளவு மொக்கு என்று தெரிந்தது. எங்கள் கரையில் எஞ்சின் என்றால் பின்பலகையில்தான். பிறந்ததிலிருந்து வேறு மாதிரிப் பார்த்ததில்லை. விளக்கு, பொயிலர், எஞ்சின் மூன்றையும் யோசிக்காமல் பின்னால் அடுக்கி, அழகாக ஆணி முறுக்கிப் பட்டறைத் தொட்டித் தண்ணீரில் விட்டேன். முன்பக்கம் வானத்தைப் பார்க்க, பின்பக்கம் தொட்டிக்குள் போய்விட்டது. பார்த்துக்கொண்டு நின்ற அக்கா, அத்தான் போன பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம் வந்தது. எல்லாவற்றையும் கழற்றிப் பொயிலரை நடுவுக்குக் கொண்டுவந்தேன். பின்னால் தண்ணீரைத் தள்ளும் விசிறிவரை எட்டச் சைக்கிள் கம்பியொன்றை வெட்டித் தண்டாக்கி, அது போகிற குழாயில் கிறீஸ் அடைத்தேன்.

பிறகு தண்ணீர் தொல்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கேத்தலில் வெள்ளையாகப் படியும். அதையே பொயிலருக்குள் ஊற்றினால் என்னாகும் என்று எஞ்சின் திருத்துகிறவனுக்குத் தோன்ற வேண்டாமா? நாலு தரம் ஓட்டியதும் நீராவிக் குழாய் அடைத்துக்கொண்டது. தேசிக்காய்ச் சாறு விட்டு, அந்தப் புளிப்பில் ஒரு நாள் ஊறவைத்துக் கழுவி, அதன்பின் மழைத்தண்ணீர் மட்டும் ஊற்றினேன்.

அக்கா பின்னேரங்களில் தேத்தண்ணீரோடு வந்து கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு இருப்பாள். ஒவ்வொன்றும் எதற்கு என்று கேட்பாள். பொயிலரின் மேலுள்ள சின்ன வால்வைக் காட்டிக் கேட்டபோது, உள்ளே அமுக்கம் கூடினால் வெடித்துவிடும், அதற்கு முன் இது திறந்து ஆவியை வெளியே விடும் என்றேன். சொல்லிவிட்டு எனக்கே எரிச்சல் வந்தது. போய்ச் சமையலைப் பார் என்று அவளை விரட்டினேன். ஒரு மாதத்தில் முடியவேண்டிய வேலையை ஆறு மாதம் இழுத்தேன். முடியாமல் கிடந்தால் எனக்கு வசதி. பெயின்ற் அடிக்கிறதை அவளே செய்தாள், அத்தானின் நீலத்தை அச்சொட்டாகக் கலந்து.

ஒரு ஞாயிறு காலை, பூசைக்குப் போய் வந்த கையோடு, கடல்தண்ணீர் உள்ளே வந்து தேங்கி நிற்கிற களப்புப் பக்கம் படகைக் கொண்டுபோனோம். காற்றில்லை. விளக்கைக் கொளுத்திப் பத்து நிமிஷம் காத்திருந்தோம். எஞ்சினின் பித்தளைச் சில்லை விரலால் சுற்றித் தட்டிவிட்டதும் அது பிடித்துக்கொண்டது. படகு தளம்பாமல் ஓடியது. அக்கா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் அதன் பக்கத்திலேயே நடந்தாள். கைகொட்டுவாள் என்று நினைத்தேன். அவள் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"உன்ர கை பட்ட எஞ்சின் நிக்காது தம்பி. அண்டைக்கு அவருக்கு என்னதான் நடந்ததோ."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தண்ணீரில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கிழிந்த றப்பரைச் சொன்னேன். திறந்து பார்த்து மூடியதையும் சொன்னேன். படகு ஓடிப்போய்க் கரையோரக் கண்டல் மரத்து வேரில் முட்டிக்கொண்டு அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. அவள் அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"பழசத்தான் போட்டிருக்கெண்டு அவருக்குத் தெரியுமா?"

"இல்ல அக்கா. ஒரு பிழையும் இல்லையெண்டு சொன்னனான்."

அவள் போய்ப் படகைத் தூக்கினாள். பொயிலர் சுட்டிருக்க வேண்டும், கையை இழுக்கவில்லை. விளக்கை ஊதி அணைத்தாள்.

"அப்ப நேர்த்தி பலிச்சிட்டுது," என்றாள். "இனி நான் குடுக்க வேணும்."

நானும் வருகிறேன் என்றேன். நீ வராதே என்று மெதுவாகத்தான் சொன்னாள். உடுப்பு மாற்றாமல், நனைந்த சேலையோடேயே பஸ் ஏறினாள். படகை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்ததை வீதியின் இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அதற்குப் பிறகு அவள் என் பட்டறைக்கு வரவில்லை. திருநாளுக்குப் பலகாரம் மட்டும் யாரிடமாவது கொடுத்தனுப்புவாள். வாங்கி வைப்பேன், தின்ன மாட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, கூட்டமில்லாத நாளாகப் பார்த்துக் கோயிலுக்குப் போனேன். வெள்ளிப் படகுகளுக்கு நடுவில் எங்கள் நீலப் படகு நின்றது. பொயிலரை யாரோ துடைத்து மினுக்கியிருந்தார்கள். கேட்டது கிடைத்தவர்கள் எழுதி ஒட்டுகிற வழக்கமான துண்டு அதிலும் ஒட்டியிருந்தது, அக்காவின் கையெழுத்தில்: "பெற்ற உபகாரத்துக்கு நன்றி."

முழங்காலில் நிற்க எனக்குத் துணிவு வரவில்லை. அவள் மாதாவிடம் கேட்ட உபகாரம் இரண்டு வருஷமாக என் வாய்க்குள்தான் இருந்தது.