கல்லிடுக்கில் அப்பு பிடுங்கிய களை

அன்று பள்ளிக்கூடத்து வெள்ளைக்கார அதிபரின் பங்களாவில் இருந்தவர்கள் அதிபர், நான், என்னைப் பெற்ற அப்பு. இல்லாதவர் அதிபரின் மனைவி மிசியம்மா. மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். அவர் வீட்டில் இருந்திருந்தால் இது நடந்திராது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படித்த பள்ளிக்கூடத்திலேயே உபாத்தியாயர் வேலை கேட்டு, புத்தூரிலிருந்து அப்புவின் மாட்டு வண்டிலில் போனோம். வெளிவாசல் படலையடியில் எருதுகளை அவிழ்த்துக் கட்டிய அப்பு, உள்ளே வரமாட்டேன் என்று வெளியிலேயே நின்றுகொண்டார்.

பேச்சு நீண்டது. கடைசியில் அதிபர், முதலாந் திகதி தொடக்கம் வரலாம் என்றார். தகப்பனாரிடம் தானே சொல்வதாக என்னோடு வாசலுக்கும் வந்தார்.

படியிறங்கப் போன என் கால் அந்தரத்தில் நின்றுவிட்டது.

படலையிலிருந்து வாசல்வரை தட்டைக் கற்கள் பதித்து, கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் மிசியம்மா ஒரு செடி வளர்த்திருந்தார். நாலு விரல் உயரம்கூட எழும்பாது. தரையோடு பாய்போலப் படரும். காலையில் சிவப்பும் மஞ்சளுமாகக் கண்ணைப் பறிக்கும். வெயில் சாய்ந்ததும் பூ சுருங்கிவிடும். பிறகு பார்த்தால் வெங்காயத் தறையில் முளைக்கிற களைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. நாங்கள் போனது பின்னேரம்.

இப்போது அங்கே வெறும் செம்மண். ஒரு வேர்கூட மிச்சமில்லை. அப்பு கடைசிக் கல்லடியில் குந்தியிருந்து மண்ணைத் தட்டிச் சமப்படுத்திக்கொண்டிருந்தார்.

“அப்பு, என்ன செய்தனீங்கள்?”

“சும்மா நிண்டு என்ன செய்யிறது மோனை? பெரிய மனிசரின்ரை வாசல் உப்பிடிப் பத்தையாக் கிடந்தால் ஆளில்லாத வீடெண்டெல்லோ சனம் சொல்லும்.”

திரும்ப நட்டுவிடலாம் என்ற நினைப்பில், பிடுங்கியதை எங்கே போட்டீர்கள் என்று கேட்டேன். படலைப் பக்கம் கையைக் காட்டினார். எருதுகள் இரண்டும் கடைசி வாயை மென்றுகொண்டிருந்தன.

“நல்ல இளங்களை. ஆசையாத் திண்டுதுகள்.”

அதிபருக்குத் தமிழ் நன்றாக விளங்கும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்து மிசியம்மாவின் கார் வந்தது. இறங்கியவர் முதற் கல்லிலேயே நின்றுவிட்டார். முகம் வெளுத்துப்போயிற்று. யார் செய்தது என்று மெல்லக் கேட்டார்.

நான் வாய் திறக்குமுன் அப்பு எழும்பிச் சால்வையை இடுப்பில் கட்டினார். “நான்தான் அம்மா. கூலி ஒண்டும் வேண்டாம்.”

மிசியம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதிபர் என்னைப் பார்த்து, செடி பழையபடி பூக்கட்டும், வேலையைப் பிறகு பேசுவோம் என்றார்.

வண்டிலில் வரும்போதுதான் அப்புவுக்கு விஷயத்தைச் சொன்னேன். கயிற்றை இழுத்து வண்டிலை நிறுத்திவிட்டார்.

“பூவெண்டால் பூத்தெல்லோ இருக்கவேணும்,” என்றார்.

கண்டியிலிருந்து நாற்று எடுப்பித்து, சுன்னாகம் றெயில் ஸ்ரேசனில் இறக்கி, அப்புவே தன் கையால் நட்டார். தண்ணீர் விடப் போகும்போதெல்லாம் எருதுகளை இரண்டு வளவு தள்ளித்தான் கட்டினார். கற்களுக்கிடையில் மறுபடி பூ நிறைந்த பிறகுதான் அதிபர் என்னைக் கூப்பிட்டார். நாற்றுக்கு ஏழு ரூபாய், றெயில் கூலி ஒன்றரை, கைக்கு வராமற்போன மூன்று மாதச் சம்பளம் தொண்ணூறு. ஆகத் தொண்ணூற்றெட்டரை ரூபாய்.