கம்ப்யூட்டர் இருக்கிற குரூப்

பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் கிளெமென்ட், மகள் ஜெசிந்தாவை பி.யூ. கல்லூரியில் பதினோராம் வகுப்புக்குச் சேர்க்கப் போன அன்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "கம்ப்யூட்டர் இருக்கா சார்?" இருந்தது. காமர்ஸோடு இருந்தது. மகள் கம்ப்யூட்டர் இன்ஜினியராக அது போதும் என்று நம்பினார். அவளும் நம்பினாள்.

ஸ்ரீராம்புரத்து வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. ஜெசிந்தா இரண்டு வருடமாக நோட்டிலேயே புரோகிராம் எழுதிப் பழகினாள். அந்தப் பாடத்தில் வகுப்பிலேயே அவள்தான் முதல். இன்ஜினியரிங் சேரப் போகிறேன் என்று அவள் சொல்லாத லெக்சரர் இல்லை. "நல்லாப் படிம்மா" என்றார்கள். அதற்கு மேல் வாயைத் திறக்க ஒருவருக்கும் நேரமில்லை.

நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்க அப்பாவும் மகளும் சைபர் சென்டருக்குப் போனார்கள். அங்கிருந்த பெண் என்னென்ன பாடம் என்று கேட்டாள். ஜெசிந்தா சொல்லி முடித்ததும் அந்தப் பெண் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"இன்ஜினியரிங்குக்கு பிசிக்ஸ், மேத்ஸ் வேணும்மா. உனக்கு ரெண்டும் இல்லையே. திரும்ப ஃபர்ஸ்ட் பி.யூ.ல இருந்துதான் படிக்கணும்."

எதற்கும் இருக்கட்டும் என்று பையில் கொண்டுவந்திருந்த ஜெசிந்தாவின் நோட்டுகளை கிளெமென்ட் ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார்.

"கொஞ்சம் பாரும்மா," என்றார். "இது எல்லாமே கம்ப்யூட்டர்தான்."