ஜாதி நாயும் பெட்டியில் வந்த குட்டியும்

டெக்சஸ் மாநிலத்துப் பேர்லேண்டில் எங்கள் எதிர்வீட்டுக்காரி பள்ளிப் பேருந்து ஓட்டினாள். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவள். விவாகரத்தாகித் தனியாக இருந்தாள். இரண்டு வருடம் கையசைத்துக் கொண்டதோடு சரி. பிறகு ஒரு மார்ச் மாதக் காலையில் கதவைத் தட்டினாள்.

"நீ மிருக டாக்டராமே. உன் பொண்ணு பஸ்ல சொன்னா" என்றாள். அவள் பேசியது டெக்சஸ் ஆங்கிலம். என் காதில் இப்போது தமிழாகத்தான் கேட்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

டாக்டர்தான். நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்து, மூன்று வருடம் அரசு மருந்தகத்தில் மாடுகளுக்குச் சினை ஊசி போட்டவள். கணவரின் வேலைக்காக டிபென்டன்ட் விசாவில் வந்ததால் இங்கே வேலை செய்யக் கூடாது. மகள் பள்ளிக்குப் போன நேரத்தில், வாரத்தில் இரண்டு நாள், பக்கத்து நாய் ஆஸ்பத்திரியில் சம்பளமில்லாமல் கூண்டு கழுவிக்கொண்டிருந்தேன். அங்கே யாரும் என்னை டாக்டர் என்று கூப்பிட்டதில்லை. அவள் வாசலில் நின்று அந்த வார்த்தையைச் சொன்னபோது, உள்ளே கூப்பிட்டு காபி போட்டேன்.

அவளுக்கு மானின் தடம் பிடிக்கிற நாய் வேண்டும். மேற்கே மலைப்பாங்கான பக்கத்தில் ஒரு பண்ணையில் அவளுக்கு வேட்டை அனுமதி இருந்தது. அந்த மாவட்டத்தில் நாயை விட்டு மானை விரட்டக் கூடாது. ஆனால் குண்டடி பட்டு ஓடிய மானைத் தேட, கயிற்றில் பிடித்து நாயைக் கூட்டிப் போகலாம். போன சீசனில் அவள் சுட்டது சரியான இடத்தில் படவில்லை. மான் புதருக்குள் ஓடிவிட்டது. இரண்டு நாள் தேடியிருக்கிறாள். மூன்றாம் நாள் கழுகுகள் வட்டமிட்டதைப் பார்த்துத்தான் இடம் தெரிந்தது.

"அது எவ்வளவு நேரம் உயிரோட கெடந்துச்சோ" என்றாள். "நாய் இல்லாம இனிமே துப்பாக்கியத் தொட மாட்டேன்."

ஆஸ்டின் பக்கம் ஒருவர் கம்பிமுடி டாஷ்ஹண்ட் என்கிற குட்டைக்கால், நீள உடம்பு நாய்களை வளர்த்தார். ஜெர்மன் வம்சம், பல தலைமுறையாக இந்த வேலைக்கென்றே வளர்க்கப்பட்டது. அவரிடம் சொல்லி வைத்திருந்தாள். ஆனால் அந்த வாரமே அவள் பூனைக்கு ஊசி போட ஆஸ்பத்திரிக்கு வந்தபோது இன்னொன்றைப் பார்த்துவிட்டாள். யாரோ வாசலில் அட்டைப்பெட்டியில் மூன்று குட்டிகளை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டை வேறு ஆட்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். மிச்சம் ஒன்று, பெட்டை. செம்பழுப்பு உடம்பு, கறுத்த மூக்கு, பீகிள் நாய் மாதிரி தொங்கும் காது, காலோ அதற்குப் பொருந்தாத நெட்டை. அது அவளுடைய பூட்ஸை அங்குலம் அங்குலமாக மோந்து பார்த்தது. பூனை சீறியதைக்கூடக் கண்டுகொள்ளவில்லை.

"இதையே எடுத்துக்கிட்டா என்ன? கால் நீளம், மூக்கு வேலை செய்யுது" என்றாள்.

நான் வேண்டாம் என்றேன். அந்தக் குட்டிக்குப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்ததே நான்தான், கையில் எடுத்தால் என் காதோரம் மூக்கை வைத்துக்கொண்டு தூங்கும். ஆனாலும் படித்த படிப்பு முன்னால் வந்து நின்றது. நம்மூரில் ஜெர்சி காளையின் விந்தை நாட்டுப் பசுவுக்குப் போட்டால் கன்று எப்படி வரும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். இரண்டு பக்கமும் தெரியும். இதற்கு அம்மாவும் தெரியாது, அப்பனும் தெரியாது. "நல்லாவும் வரலாம், ஒண்ணுக்கும் ஆகாமலும் போகலாம். டாஷ்ஹண்ட்னா என்ன வரும்னு தெரியும். மெதுவா போகும், தரையோட போகும், கயித்துல பிடிச்சு நீ கூடவே நடக்கலாம்" என்று விளக்கினேன். அவள் அரை மனதாகத் தலையாட்டினாள்.

ராத்திரி சாப்பாட்டில் இதைக் கணவரிடம் சொன்னேன். அவர் பாதிச் சப்பாத்தியில் நிறுத்தினார்.

"ஜாதி நாய்தான் நல்லதுன்னு சொன்னியா? நீயா?"

எங்கள் கல்யாணம் ஜாதி விட்டு ஜாதி. அப்பா என்னிடம் பேசி அப்போது எட்டு வருடம் ஆகியிருந்தது. கணவர் விளையாட்டாகத்தான் சொன்னார், சிரிக்கவும் செய்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இது நாய்ங்க" என்றேன்.

"நானும் நாயத்தாம்மா சொல்றேன்" என்று எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

அந்தச் சனிக்கிழமை பெட்டிக்குட்டியை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். இரண்டே வாரம், யாராவது கேட்டால் கொடுத்துவிடலாம் என்று சொல்லித்தான். மகள் அதைக் கட்டிக்கொண்டு, "ஷி இஸ் மைன்" என்றாள்.

ஏப்ரலில் எதிர்வீட்டுக்கு டாஷ்ஹண்ட் வந்தது. ஜூனில் பள்ளி மூடியதும், எதிர்வீட்டுக்காரிக்குக் காலை நேரம் முழுக்க ஓய்வு. எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் அப்போது வெறும் புல்வெளி. வேலியோரம் சில மாடுகள், தூரத்தில் கால்வாய். வெயில் ஏறுவதற்குள் ஆறு மணிக்கே இருவரும் போய்விடுவோம். வேறு வேட்டைக்காரரிடம் வாங்கி அவள் உறைய வைத்திருந்த மான் ரத்தத்தை ஸ்பாஞ்சில் தொட்டு, குச்சியில் கட்டி, புல்லின்மேல் ஒற்றிக்கொண்டே நடப்பேன். முதலில் நூறடி நேராக. பிறகு ஒரு திருப்பம், இரண்டு திருப்பம். வழி மறக்காமல் இருக்க துணி காயப்போடும் கிளிப்புகளைப் புல்லில் மாட்டி வைப்பேன். கொஞ்ச நேரம் ஆறவிட்டு நாயைக் கொண்டு வருவோம். தடத்தின் கடைசியில் ஒரு மான் குளம்பும் கொஞ்சம் ஈரலும் இருக்கும்.

அவள் வீட்டு ஃப்ரிட்ஜில் இடம் போதாமல் ரத்தத்தில் ஒரு டப்பா எங்கள் ஃப்ரீசருக்கு வந்தது. கணவர் சுத்த சைவம். ஒருநாள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏம்மா, இந்தத் தக்காளி தொக்க எப்ப செஞ்ச?" என்றார். உண்மையைச் சொன்னேன். டப்பாவை மெல்ல வைத்து, கதவைச் சாத்தி, சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவினார். அடுத்த வாரம் கராஜில் ஒரு பழைய குட்டி ஃப்ரிட்ஜ் வந்து சேர்ந்தது. எங்கே பிடித்தார் என்று நான் கேட்கவில்லை.

அந்தக் காலைகளை நினைத்தால் இப்போதும் ஈரப்புல் வாசனை வருகிறது. சாக்ஸுக்குள் நெருப்பெறும்பு ஏறி நாங்கள் இருவரும் துள்ளிக் குதித்தது, அவளுடைய பிக்கப் வண்டியின் பின்கதவில் உட்கார்ந்து என் ஃபிளாஸ்க் காபியை அவள் குடித்துவிட்டு, "இதுல காபியவிடப் பால்தான் அதிகம்" என்று தினமும் சொன்னது. நாய்களைப் பற்றி நோட்டில் எழுதுவேன், மருந்தகத்தில் மாடுகளுக்கு எழுதிய அதே மாதிரி. டாஷ்ஹண்ட் ஒவ்வொரு துளியாக எண்ணுவதுபோலப் போகும். என் பெட்டிக்குட்டி திருப்பத்தைத் தாண்டி ஓடி, தப்பு தெரிந்ததும் திரும்பி வந்து என்னைப் பார்க்கும். முயல் குறுக்கே போனால் எல்லாம் போச்சு. ஒவ்வொரு நாளும் அதுதான் ஜெயிக்கணும் என்று உள்ளூர ஆசைப்பட்டேன். நோட்டில் அப்படி எழுத முடியவில்லை.

நவம்பரில் சீசன் திறந்த வாரக்கடைசி, நாங்களும் அவளோடு அந்தப் பண்ணைக்குப் போனோம். ஐந்து மணி நேர டிரைவ். கணவர் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டார்.

காலை ஏழு மணிக்கு வெடிச்சத்தம் ஒன்று கேட்டது. அரைமணி கழித்து நாங்கள் தங்கியிருந்த கேபினுக்கு அவள் வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"பின்னால பட்டுடுச்சு. ஓடிடுச்சு."

"எங்க நின்னுச்சோ அங்க கூட்டிட்டுப் போ" என்றேன். தரையில் கருஞ்சிவப்பாகச் சில துளிகள் இருந்தன. ஈரலில் பட்டிருக்க வேண்டும். உடனே துரத்தினால் எழுந்து இன்னும் தூரம் ஓடும். "பதினொரு மணி வரைக்கும் யாரும் போகக் கூடாது" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

பதினொரு மணிக்கு டாஷ்ஹண்டை நீளக் கயிற்றில் இறக்கினோம். சுண்ணாம்புக் கல்லில் துளிகள் இருந்தவரை சுலபம். பிறகு ரத்தமே இல்லை. காய்ந்த ஓடையில் நாய் நின்றது, வட்டமடித்தது, வலப்பக்கம் கரையேறியது.

"இங்க ஒண்ணுமே இல்லியே. தப்பாப் போகுது" என்று அவள் கயிற்றை இழுத்தாள்.

"இழுக்காத. அது மூக்க நம்பு."

அடர்ந்த சீடார் புதருக்கடியில் மான் கிடந்தது. உயிர் போயிருந்தது. அவள் தொப்பியைக் கழற்றி அதன் பக்கத்தில் மண்டியிட்டு, கழுத்தைத் தடவிக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். என் யோசனை சரியாக வந்துவிட்டது. சந்தோஷப்பட்டேன், ஆனால் முழுசாக இல்லை.

அதே தடத்தில் பெட்டிக்குட்டியையும் விட்டுப் பார்த்தோம். கயிறு கணவர் கையில். ஐம்பதடி அருமையாகப் போயிற்று. அப்போது அர்மடில்லோ என்கிற ஓடு போர்த்த பிராணி ஒன்று புதரிலிருந்து கிளம்ப, குட்டி அதன் பின்னால் பாய, கணவர் சப்பாத்திக்கள்ளியில் விழுந்தார். கேபின் படியில் உட்கார வைத்து ஒரு மணி நேரம் அவர் காலில் முள் எடுத்தேன். குட்டி தலையை அவர் மடியில் வைத்திருந்தது.

"இதுக்கு ஆள் தேடுறேன்னு சொன்னியே, தேட வேணாம்" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டே.

டாஷ்ஹண்ட் அடுத்த சீசனில் பெயரெடுத்தது. மற்ற வேட்டைக்காரர்களும் அவளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆனால் அந்த வகைக்கு நீள முதுகு ஒரு பலவீனம். மூன்றாம் வருடம் சோபாவிலிருந்து குதித்ததில் தண்டுவடத் தட்டு பிசகி, பின்னங்கால் இழுத்துக்கொண்டது. உயிர் பிழைத்தது, வீட்டுக்குள் நடமாடியது. காட்டு வேலை முடிந்தது. அந்த நவம்பரில் அவள் தயங்கித் தயங்கி வந்து கேட்டாள்:

"உன் பெட்டிக்காரிய ஒருதரம் தர்றியா?"

அதற்குள் பெட்டிக்காரி வளர்ந்து நிதானப்பட்டிருந்தாள். விளையாட்டுக்காக மகளும் நானும் வாரம் ஒருமுறை தடம் போட்டுக்கொண்டுதான் இருந்தோம். யாரோ ஒரு பெரியவர் சுட்ட மான், லேசான மழை பெய்த தடம். கயிற்றை நானே பிடித்தேன். இரண்டு மணி நேரம். நடுவில் ஒரு முயல் ஓடியது. நின்று பார்த்தாள், திரும்பவும் மூக்கைத் தரையில் வைத்தாள். மான் கிடைத்தபோது நான் அழுதுவிட்டேன். அந்தப் பெரியவர் பயந்துபோய் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

பிறகு கிரீன் கார்டு வந்தது. தேர்வுகள் எழுதினேன், லைசென்ஸ் கிடைத்தது. அத்தனை வருடத்துக்குப் பிறகு அப்பாவுக்கு நானே போன் செய்து சொன்னேன். "நல்லது" என்றார்; போனை வைக்காமல், "என்னென்ன மிருகம் பாக்குற?" என்று கேட்டார். அரைமணி நேரம் பேசினோம்.

இப்போது அந்தப் புல்வெளி முழுக்க வீடுகள். தடம் பிடிக்க எந்த நாய் வாங்கலாம், ஜாதியா கலப்பா என்று சீசனுக்கு முன் சிலர் என்னிடம் வந்து கேட்பதுண்டு. உடனே நல்ல நாய் வேண்டுமானால் வேலை தெரிந்த வம்சத்தில் வாங்குங்கள், முதுகைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பேன். மூன்று வருடம் காத்திருக்கப் பொறுமை உண்டா என்றும் கேட்பேன். உண்டு என்று சொல்பவரை ஆஸ்பத்திரியின் பின்னால், யாரோ வாசலில் விட்டுப்போன குட்டிகள் இருக்கும் கூண்டுகளுக்குக் கூட்டிப் போவேன்.