ரிஸ்க் எடுக்கணும் சார்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் இன்று ஒரு பழைய மிக்ஸி வாங்கினேன்.

"ஓட்டிக் காட்டுங்களேன்ணா" என்றுதான் முதலில் கேட்டேன்.

கடைக்காரர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "இங்க ஏது சார் கரண்ட்டு? வூட்ல போய் போட்டுப் பாரு. இதுக்கே இவ்ளோ பயந்தா எப்டி? வாழ்க்கைல கொஞ்சம் ரிஸ்க் எடுக்கணும் சார்."

பின்னால் நின்ற இரண்டு பேர் தலையாட்டினார்கள். இதற்கு மேலும் கேட்டால் நான் கோழை என்றாகிவிடும். வாங்கிவிட்டேன்.

பையில் போட்டுக்கொண்டு திரும்பினால், அதே அண்ணன் எதிர்க்கடையில் தர்பூசணி வாங்குகிறார். தட்டிப் பார்த்தார். காதருகே வைத்துக் கேட்டார். அப்புறம் "அறுத்துக் காட்டுக்கா" என்றார். அந்த அக்கா அறுத்துக் கொடுத்த துண்டைத் தின்றார்.

"சப்புனு கீது. வேற காட்டு."

மூன்றாவது பழம்தான் தேறியது.

"என்னண்ணா, நீங்க ரிஸ்க் எடுக்கலையா?" என்று கேட்டே விட்டேன்.

"துன்ற பொருள் சார்!" என்றார், நான் ஏதோ விஷம் வாங்கச் சொன்னதுபோல.

ஆக, 'ரிஸ்க் எடு' என்று ஒருவர் உபதேசம் செய்தால், விற்பவர் அவர், எடுப்பவர் நாம் என்று அர்த்தம்.

மிக்ஸி இப்போது சமையல் மேடையில் இருக்கிறது. பிளக்கைச் செருக இன்னும் மனம் வரவில்லை. ஐந்து மணிக்குப் பள்ளிக்கூடம் முடிந்து மனைவி வருவார். "ஓட்டிப் பார்த்துதானே வாங்கினீங்க?" என்பார்.

குரோம்பேட்டைப் பக்கம் இருக்கும் நண்பர்கள் யாராவது நாலரைக்குள் வந்து சுவிட்சைப் போடுங்களேன். வாழ்க்கையில் கொஞ்சம் ரிஸ்க் எடுக்கணும் இல்லையா?