உத்தரத்துக்குக் கீழே

ஜமுனா பழவேற்காடு ஏரியில் கையால் தடவி இறால் பிடிப்பவள். இடுப்பளவு தண்ணீரில் நாளெல்லாம் நிற்க அவளுக்குப் பயமில்லை. தலைக்கு மேல் கல் இருந்தால்தான் பயம். மிக்ஜாம் புயலன்று ஊரே கரையோரப் பெருமாள் கோயில் மண்டபத்தில் ஒதுங்கியிருந்தது. அப்போது கூரைக்கல் ஒன்று பிளந்து, அவளை ஒட்டி உட்கார்ந்திருந்த நாத்தனார் எல்லம்மாவின் காலில் விழுந்தது. அந்தச் சத்தம் ஜமுனாவின் காதைவிட்டுப் போகவேயில்லை.

மண்டபம் மிகப் பழையது. சுனாமித் தண்ணீர் அடிமண்ணை அரித்திருந்தது; மிச்சத்தைப் புயல் பார்த்துக்கொண்டது. ஒருவழியாகச் சீரமைப்பு வேலை தொடங்கியபோது ஏரியில் இறால் சரியாகப் படவில்லை. ஜமுனா சாந்து சுமக்கப் போனாள். சுண்ணாம்பு அரைக்கிறேன், கூடை தூக்குகிறேன், உள்ளே மட்டும் கூப்பிடாதீர்கள் என்று திருப்பாலைவனத்து மேஸ்திரி சகாதேவனிடம் முதல் நாளே சொல்லிவிட்டாள். அவரும் வற்புறுத்தவில்லை. கூடையை வாசற்படியோடு வைத்துவிட்டுத் திரும்பிவிடுவாள்.

ஐப்பசியில் ஒருநாள் மதியமே வானம் கறுத்துவிட்டது. விரிசல் விட்ட தூணை அகற்றிவிட்டு, மேலே கிடந்த கல் உத்தரத்தைச் சவுக்குக் கட்டைகளால் தாங்கவைத்திருந்த நேரம். காற்று ஏறியதும் சகாதேவன் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார். சுண்ணாம்பின்மேல் தார்ப்பாய் போட ஜமுனா மட்டும் பின்தங்கினாள். உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது.

தூண்குழியில் மழைநீர் இறங்கி, ஒரு கட்டை அடியில் சறுக்கியிருந்தது. அவர் அதைத் தோளாலும் கைகளாலும் அணைத்தபடி நின்றார். சுத்தியல் எட்டும் தூரத்தில்தான் கிடந்தது, ஆனால் கையை எடுக்க வழியில்லை.

"இத நீ புடிச்சா நான் ஆப்பு அடிச்சுடுவேன் ஜமுனா."

"ஆம்பளங்கள யாரையாச்சும் கூட்டியாறேன் மேஸ்திரி."

"அதுவரைக்கும் தாங்காது."

"நீங்க வுட்டுட்டு வெளிய வந்துடுங்களேன்."

"வுட்டா, நான் படி தாண்டறதுக்குள்ள விழுந்துடும்."

ஜமுனா வாசற்படியிலேயே நின்றாள். ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தாள். கால்கள் எப்படி உள்ளே போயின என்று அவளுக்கே தெரியாது. கட்டையைக் கட்டிப்பிடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மேலே கல் முனகியது. பொடி உதிர்ந்து பிடரியில் விழுந்தபோதெல்லாம் இதோ வந்துவிட்டது என்று உடம்பு குறுகியது. சுத்தியல் அடி ஒவ்வொன்றும் கட்டை வழியாக அவள் மார்பில் இறங்கியது. போதும், விடு என்று சகாதேவன் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. அவர்தான் விரல்களைப் பிரித்து எடுத்தார்.

வெளியே மழையில் உட்கார்ந்து அவள் வாந்தி எடுத்தாள். சகாதேவனும் பக்கத்தில் உட்கார்ந்தார். நனைந்த பீடியைப் பற்றவைக்கப் பார்த்தார்.

காய்ச்சலில் கிடந்து எழுந்தபின் அவள் அந்த வேலைக்குத் திரும்பவில்லை, ஏரிக்கே போனாள். புதுத் தூண் நின்றது, கூரை மூடியது, தை மாதம் கும்பாபிஷேகமும் நடந்தது. அன்று அவள் உள்ளே முதலாவது தூண்வரை போய் அண்ணாந்து பார்த்தாள். அதற்கு மேல் போகாமல் வெளியே வந்துவிட்டாள்.

நீ தாங்கிப் பிடித்த கல்தானே, இன்னும் என்ன பயம் என்று புருஷன் உதயகுமார் கேட்டான்.

"நிக்கும்னு தெரியும்யா. கால்தான் கேக்க மாட்டேங்குது" என்றாள்.

அவன் பிரசாதத்தை வெளியே கொண்டுவந்து கொடுத்தான். வெயிலில் நின்றே சாப்பிட்டாள்.