பால் வைத்த எட்டாம் நாள்

"உள்ளுக்கு வாங்கோ எண்டுதானே கேக்கிறன். சொத்தையே எழுதித் தரச் சொல்லிக் கேக்கிறன்?"

"ஏலாது தவம்."

"அப்ப ஆர் அவள்? நான் சத்தம் போடமாட்டன். பேரை மட்டும் சொல்லுங்கோ."

"ஒருத்தியும் இல்லை."

"ஒருத்தியும் இல்லாத மனுசன், பெத்த பிள்ளையளைப் பாக்க வந்து தபால்காரன் மாதிரி வாசலிலை நிண்டிட்டுப் போறாரோ? இப்பிடி நிக்கிறதுக்கோ எங்களை யாழ்ப்பாணத்திலையிருந்து கூப்பிட்டனீங்கள்?"

"ரெண்டரையாச்சுது, நான் போகோணும்" என்றார் அவர். கதவு அடித்துச் சாத்தப்பட்டது.

1994 ஜனவரி, ஒரு சனிக்கிழமை. லண்டனில், ரெய்னர்ஸ் லேனில் தவநாயகி அக்கா வீட்டு மேல் அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். ஒவ்வொரு சனியும் இதே சண்டை படியேறி வரும். நான் கதை எழுதுகிறவன் இல்லை. ஹவுன்ஸ்லோவில் ஒரு கடையில் ஷிப்ட் வேலை செய்தவன். இதில் ஒரு சொல்லும் நான் சேர்க்கவில்லை. நம்பாவிட்டாலும் கடைசி வரை வாசியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.

அன்று அக்கா படியடியில் நின்று என்னைக் கூப்பிட்டா. கண் சிவந்திருந்தது. "பெனடிக்ற், அவருக்குப் பின்னாலை போய்ப் பாரும். எந்த வீட்டுக்குப் போறாரெண்டு எனக்குத் தெரியோணும்" என்றா. நானும் ஜக்கெற்றை மாட்டிக்கொண்டு போனேன். துப்பறியத் தெரியாதவன். ஸ்டேஷன் மேடையிலேயே பிடிபட்டுவிட்டேன். அக்காவின் புருசன் குகதாசன் அண்ணை திரும்பிப் பார்த்தார். கோபிக்கவில்லை.

"தவம் அனுப்பினவவோ? வாரும். வந்து நீரே பாரும்."

அவர் இருந்த தெற்கு லண்டன் சட்டன் வரைக்கும் ரெயினில் வந்துகொண்டே அவர் சொன்னதுதான் இது.

குகதாசன் 1989இல் தனியாக லண்டன் வந்தவர். மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் யாழ்ப்பாணத்தில் குண்டுச் சத்தத்துக்குள் கிடந்தார்கள். அவருக்கு வேலை கிடைத்தது கிழக்கு லண்டனில் ஒரு தோல் கிட்டங்கியில். உப்புப் போட்டு மடித்த கரடித் தோல்கள் கட்டுக் கட்டாகக் கப்பலில் வரும். அவற்றை விரித்து, தரம் பிரித்து, தொப்பி தைக்கிற கொம்பனிகளுக்கு அனுப்புவது அவர் வேலை.

அந்தக் கரடிகளை வேட்டையாடியது இறைச்சிக்கோ பயத்துக்கோ இல்லை. அமெரிக்காவின் மேற்குக் கரையில் மரக் கொம்பனிகள் காடு வளர்க்கின்றன. நட்டு, எண்ணி, வெட்டி விற்கிற காடு. பனி கரைகிற காலத்தில் கரடிகள் பசியோடு எழும்பி வந்து மரப்பட்டையை நகத்தால் உரித்து, உள்ளே இனிப்பாக இருப்பதைச் சுரண்டித் தின்னும். பட்டை போன மரம் பட்டுப்போகும். அதனால் கொம்பனி ஆள் வைத்துச் சுடுவிக்கும். தோல் லண்டனுக்கு வரும்.

கிட்டங்கியில் ஒரு சட்டம் இருந்தது. குட்டிக்குப் பால் கொடுத்த கரடியின் தோல் அகப்பட்டால் தனியே வைத்து அறிவிக்க வேண்டும். தாய்க் கரடியைச் சுடக்கூடாது என்று ஒப்பந்தம். அறிவித்தால் முழுக் கட்டும் திரும்பிப் போகும்.

1992 டிசம்பர் 8, செவ்வாய். அவர் விரித்த தோலில் வயிற்றுப் பக்கம் மயிர் தேய்ந்திருந்தது. முலையைச் சுற்றி வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது.

பால்.

அந்தக் கட்டுக்கு, சரி பார்த்தாயிற்று என்று மனேஜர் ஏற்கெனவே கையெழுத்து வைத்திருந்தார். அதே மனேஜர்தான் அடுத்த வாரம் குகதாசனுக்கு ஒரு கடிதம் கொடுப்பதாக இருந்தார். நிரந்தர வேலை என்று சொல்லும் கடிதம். அது இல்லாமல், விசா குடுக்கிற ஹோம் ஒவ்பிஸ் பெண்சாதி பிள்ளைகளைக் கூப்பிட விடாது. தோலை அறிவித்தால் மனேஜருக்கு அவமானம். அவமானப்பட்ட மனுசன் கடிதம் தருவாரா?

குகதாசன் கத்தியை எடுத்தார். பால் பட்ட துண்டை வெட்டிக் கழிவுத் தொட்டியில் போட்டார். ஓரத்தை நேராக்கினார். தோல் சின்னதாகிவிட்டது, அவ்வளவுதான்.

"என்ரை ரெண்டு பிள்ளையளையும் நினைச்சுத்தான் வெட்டினன்" என்றார் என்னிடம். "அதுக்கும் பிள்ளையள் இருந்திருக்குமெண்டு நினைக்கேல்லை. நினைக்காமல் இருக்கிறதுக்காகத்தான் கெதியா வெட்டினன்."

மறுநாள் மற்றவர்கள் நான்கு மணிக்கு வீட்டுக்குப் போனார்கள். கூட்டித் துடைக்க அவர் மட்டும் நின்றார். டிசம்பரில் நான்கு மணிக்கே வெளியே இருட்டு.

4.10க்குச் சத்தம் கேட்டது.

கிர்ர்... கிர்ர்ர்...

எலி என்று நினைத்தார். கூரையைத் தாங்கி நின்ற மரத் தூண் ஒன்றில் நான்கு கீறல். புதிது. முழங்கால் உயரத்தில்.

வியாழன், 4.10. அடுத்த தூண். வெள்ளி, 4.10. இன்னொன்று. மரம் உரிந்து நார் நாராகத் தொங்கியது. நூறு வருசம் காய்ந்த தூண் அது. உரிந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். பிசுபிசுத்தது. பச்சை மரத்தின் பால் வடிந்துகொண்டிருந்தது.

குகதாசன் ஊரில் என்ன செய்வார்களோ அதைச் செய்ய முடிவெடுத்தார். நான் மன்னார்க் கத்தோலிக்கன், அதனால் எனக்கு விளக்கிச் சொன்னார். செத்தவருக்கு எட்டாம் நாள் எட்டுச் செலவு என்று படைப்பார்களாம். அவருக்கு விருப்பமானதை வைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பார்களாம். செத்தவர் வந்து ஆறிப் போவார்.

தோலை வெட்டிய நாளைச் சாவு நாளாகக் கணக்குப் பண்ணினார். எட்டாம் நாள் டிசம்பர் 15. தோலுக்கு முன்னால் கடதாசித் தட்டில் சோறும் வாழைப்பழமும் வைத்தார். கோப்பை நிறையப் பால் வைத்தார். அதுதான் பிழை. தாய்க்கென்று படைத்தவர், தாய்க்கு எது வேண்டும் என்று யோசிக்கவில்லை. பாலூட்டிய தாய்க்கு ஏன் பால்?

"தாயே, மன்னிச்சுக்கொள். எனக்கும் ரெண்டு இருக்கு" என்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

4.10.

நக்கும் சத்தம் கேட்டது. ஒரு வாய் இல்லை.

இரண்டு.

அவதி அவதியாக... ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு...

பிறகு நின்றது.

கதவைத் திறந்தார். சோறு அப்படியே. பழம் அப்படியே. பால் கோப்பை மட்டும் துடைத்த மாதிரி. நடுவில் ஒரு துண்டு மரப்பட்டை. ஈரமாக, உள்பக்கம் சிவப்பாக.

நிலத்தில் உப்புத் தூளில் சின்னச் சின்ன அடிகள். குழந்தைக் கை அளவு. கோப்பையிலிருந்து புறப்பட்டிருந்தன.

தோல் பக்கம் போகவில்லை.

கதவுக்கு வந்திருந்தன.

அவருடைய சப்பாத்து முனையில் நின்றன.

மறுநாள் மனேஜர் கடிதம் கொடுத்தார். 1993 ஏப்ரலில் தவநாயகியும் பிள்ளைகளும் வந்திறங்கினார்கள். மூத்தவள் வத்சலாவுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு நாலு. ரெய்னர்ஸ் லேன் வீட்டை அவர்களுக்காகத்தான் எடுத்தார். வந்த மூன்றாம் நாள், நல்ல வெயில், பின்னேரம். சின்னவளைத் தூக்கி மடியில் வைக்கப் போனார். அவள் பின்வாங்கினாள்.

"என்னை இருக்க விடுகினமில்லை அப்பா."

"ஆர்?"

"உங்கடை மடியிலை இருக்கிற ரெண்டு பேரும்."

அவள் கையில் நான்கு மெல்லிய கோடு. இரத்தம் கசிந்தது.

குகதாசன் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்...

4.10.

அன்றே பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டார். காரணம் சொல்லவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள், அல்லது நம்பிப் பயப்படுவார்கள். பிள்ளைகள் பயந்து வளர்வதைவிட, அப்பனுக்கு வேறொருத்தி என்று நினைத்து வளரட்டும் என்று விட்டார். அவர் போன பிறகு அந்த வீட்டில் ஒரு கீறலும் விழவில்லை. நானே சாட்சி, கிட்டத்தட்ட ஒரு வருசம் அங்கே இருந்தவன். அவர் வீட்டுக்குள் கால் வைத்தால் அவையும் உள்ளே வரும். வாசலில் நின்றால் வாசலோடு நிற்கும். அவ்வளவு மட்டும் அவருக்குப் பிடிபட்டிருந்தது.

சட்டனில் அவருடைய அறைக்குப் போனபோது நேரம் 4.05.

ஒரு கட்டில், ஒரு கதிரை. பெண் வாசம் எதுவும் இல்லை. கட்டில் கால்கள் நான்கும் உரிந்து, பென்சில் சீவின மாதிரி மெலிந்திருந்தன. அறை முழுக்கப் பச்சை மரத்தின் மணம். அவர் ஹோர்லிக்ஸ் போத்தலைத் திறந்து, கிட்டங்கியில் எடுத்த மரப்பட்டையைக் காட்டினார். ஒரு வருசம் கழிந்தும் ஈரம்.

நிலத்தில் இரண்டு கோப்பை வைத்தார். பால் ஊற்றினார்.

"வைக்காமல் விட்டா?" என்று கேட்டேன்.

"அழும்" என்றார். "பிள்ளை அழுற மாதிரியே அழும், பெனடிக்ற். அதைத்தான் தாங்கேலாது."

என்னை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினார்.

நான் செபமாலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

4.10.

சளக்... சளக்... சளக்...

இரண்டு வாய்.

அதற்கு நடுவே அண்ணையின் குரல். மெதுவாக. பிள்ளைக்குச் சோறு தீத்துகிறவன் பேசுகிற மாதிரி.

"இடிபடாதேங்கோ... ரெண்டு பேருக்கும் இருக்கு..."

நான் திரும்பிப் பார்க்காமல் படி இறங்கினேன்.

தவநாயகி அக்காவிடம், பெண் ஒருத்தியும் இல்லை என்று மட்டும் சொன்னேன். அவ என்னை மேலும் கீழும் பார்த்து, "நீரும் ஆம்பிளைதானே, காட்டிக் குடுப்பீரோ" என்றா. அடுத்த மாதம் அறையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டா. அவவில் எனக்குக் கோபம் இல்லை.

1996இல் தோல் அனுப்புகிற கொம்பனியின் ஆள் ஒருவர் கிட்டங்கிக்கு வந்தாராம். முன்பு அதே காட்டில் வேட்டைக்காரனாக இருந்தவர். குகதாசன் அந்தத் தோலில் குத்தியிருந்த தகட்டு இலக்கத்தைச் சொல்லிக் கேட்டார். அந்த ஆள் தன் பழைய குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினார். தாயைச் சுட்டதும் இரண்டு குட்டிகள் உரித்த மரத்திலேயே ஏறிவிட்டனவாம். சுட்டவர்கள் தோலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எட்டாம் நாள் காலை திரும்பிப் போனபோது, தாய் விழுந்து கிடந்த அதே இடத்தில் இரண்டும் செத்துக் கிடந்தன. பால் மறவாத குட்டிகள். வாய் நிறைய மரப்பட்டை. தின்னத் தெரியாமல் அடைத்து வைத்திருந்தன.

கண்ட நேரத்தையும் எழுதியிருந்தார். காலை 8.10.

அங்கே காலை 8.10 என்றால், லண்டனில் பின்னேரம் 4.10.

மரத்தைக் காப்பாற்றத்தானே சுட்டார்கள்? சுட்டதற்கு அடுத்த வருசம் கொம்பனியே அந்தக் காட்டை அடியோடு வெட்டி விற்றுவிட்டதாம். அதைச் சொல்லிவிட்டு அந்த ஆள் தேநீர் கேட்டாராம்.

கடைசியாக அண்ணையை நான் கண்டது 1999இல், வத்சலா பெரியபிள்ளையானதுக்குச் செய்த சாமத்திய வீட்டில். பெரிய மண்டபம், முந்நூறு சனம். தகப்பன் நிற்க வேண்டிய இடத்தில் தாய்மாமன் நின்றார். குகதாசன் வெளியே, கார் விடுகிற இடத்தில், கண்ணாடிக் கதவோடு நின்றார். கோட்டு சூட்டுப் போட்டிருந்தார். வத்சலா ஒருதரம் அந்தப் பக்கம் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெளியே நல்ல குளிர். அவர் மூச்சுப் பட்டுக் கண்ணாடியில் ஒரு வட்டம் மங்கியிருந்தது.

கீழே, முழங்கால் உயரத்தில்...

இன்னும் இரண்டு வட்டம்.

சுருங்கி... விரிந்து... சுருங்கி...

அண்ணை இப்போதும் சட்டனில்தான் இருக்கிறார். இப்போதும் பால் வைக்கிறார். போன கிழமை தொலைபேசியில் அவர் கேட்டது ஒன்றுதான்: சாகிறதுக்கு முன்னம் ஒருதரம் அந்த வீட்டுக்குள்ளை போய் இருந்து சாப்பிடோணும். ஐயரிடமும் கேட்டுவிட்டேன், எங்கள் பங்குச் சுவாமியிடமும் கேட்டுவிட்டேன். அவரைத் தாயென்று நம்பி வந்தவற்றை எப்படித் திருப்பி அனுப்புவது என்று இருவருக்கும் தெரியவில்லை. இதை வாசிக்கிற உங்களில் ஆருக்காவது தெரிந்தால், பகிடி பண்ணாமல் கீழே எழுதுங்கள். நான் ஒவ்வொரு நாளும் வந்து பார்க்கிறேன்.